ஊருக்கு உழைத்தவர் ஓட்டுக்கு நிற்கும்போது

“டீச்சர், மேலத்தெரு அக்கா வார்டுக்கு நிக்கிறாங்களாம். ஊருக்கு இவ்வளவு செஞ்சிருக்காங்க, நாம ஏதாச்சும் மரியாதை செய்யணும்ல?”

2019 டிசம்பரில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பையன் கேட்டான். என்னிடம் நாலாம் வகுப்பு படித்தவன், இப்போது காரைக்குடியில் ஒரு ஒர்க்ஷாப்பில் வேலை பார்க்கிறான். அவன் கேட்டது நியாயம்தான். ஆனால் சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே நல்லெண்ணத்தோடு ஒருத்தருக்கு நாங்கள் செய்த மரியாதை அவருக்கே வினையாகிப் போயிருந்தது.

எங்கள் ஊர் செட்டிநாட்டில், குன்றக்குடிக்குப் பக்கம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து 2015-இல் ஓய்வு பெற்றேன். 1996, 2001, 2006, 2011 என்று நான்கு உள்ளாட்சித் தேர்தல்களில் வாக்குச்சாவடி வேலை பார்த்தவள். ஊருக்காக ஓடியாடி உழைத்தவர்கள் தேர்தலில் நிற்கும்போது அவர்களை எப்படிக் கண்டுகொள்வது, எப்படிக் கௌரவிப்பது என்று பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

2011-இல் என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் உள்ளாட்சித் தேர்தலின் வாக்குப்பதிவு அக்டோபர் 17, 19 தேதிகளில். நவராத்திரி சரியாகப் பிரசார நாட்களுக்குள் வந்து விழுந்தது. எங்கள் ஊர்த் தையல்காரர் ஒருத்தர் தலைவர் பதவிக்கு நின்றார். ராத்திரி எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் பிரசவத்துக்கு வண்டி பிடித்துக் கொடுத்தவர், ரத்தம் வேண்டுமென்றால் பத்துப் பையன்களைத் திரட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர். அம்மன் கோயில் நவராத்திரி மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, மைக்கில் நாலு வார்த்தை பேசினார்கள். நான் அப்போது அரசுப் பணியில் இருந்ததால் மேடைப் பக்கம் போகவில்லை. ஆனால் யோசனை என்னுடையது. அது தப்பு, இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

மறுநாளே எதிர்த்து நின்றவர் தரப்பில் புகார். கோயிலைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது தேர்தல் நடத்தை விதி. கேமராவோடு அதிகாரிகள் வந்தார்கள். தையல்காரர் கடையைப் பூட்டிவிட்டு விளக்கம் எழுதிக் கொடுக்க அலைந்தார். அதைவிடப் பெரிய சேதம் வேறு. ‘இவர் அந்தக் கோயில்காரங்க ஆளு’ என்று அடுத்த தெருவில் பேச்சு கிளம்பியது. அந்தத் தெருப் பெண்களுக்கும் சேர்த்துத்தான் அவர் வண்டி பிடித்துக் கொடுத்திருந்தார். அந்த ஒரு பேச்சு எல்லாவற்றையும் மறக்கடித்தது. தோற்றுப்போனார்.

அந்தப் பொன்னாடையில்தான் நான் பாடம் படித்தேன். தேர்தலில் நிற்கிற ஒருவரைக் கௌரவிப்பதென்றால் அவர் செய்ததைச் சரியாக எழுதி வைப்பதுதான் முதல் வேலை. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

யாரும் இல்லாத காலத்தைப் பாருங்கள்

ஊருக்கு உழைத்தவர் யார் என்று கண்டுபிடிக்கத் தேர்தல் அறிவித்த பிறகு தேடினால் குழப்பம்தான். அந்த மூன்று வாரத்தில் எல்லார் கையிலும் மண்வெட்டி இருக்கும். பதவி என்று ஒன்றே இல்லாத காலத்தில் யார் நின்றார்கள் என்று பாருங்கள்.

தமிழ்நாட்டில் நமக்கு அப்படிப்பட்ட காலம் ஒன்று வாய்த்தது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நீதிமன்றம் வரை போய் நின்றுவிட்டது. 2019 கடைசி வரை ஊராட்சித் தலைவரும் இல்லை, வார்டு மெம்பரும் இல்லை. தனி அலுவலர் என்று ஓர் அதிகாரி, அவருக்குக் கீழே பல ஊர்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? 2019 டிசம்பர் தேர்தலில் வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்ததும் திரும்பவும் தனி அலுவலர்தான். இந்த இரண்டு காலத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அப்போது ஊரில் குடிதண்ணீர், குப்பை, விளக்கு, பள்ளிக்கூடம் இவற்றுக்காக அலைந்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். வருகிற பெயர்கள் கொஞ்சமாக இருக்கும், ஆனால் கலப்படம் இருக்காது.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துப் போனது. 2017 கோடையில் எங்கள் குடிதண்ணீர்க் குளமான ஊருணியின் அடித்தரை வெடித்துக் கிடந்தது. செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்கு ஊருணி என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. இது வற்றாத ஆறு இல்லாத சீமை. கூரையில் விழுந்த மழையும் தெருவில் ஓடிய மழையும் வரத்துக்கால் வழியாக ஊருணிக்கு வந்து சேரும்படி பெரியவர்கள் ஊரையே அமைத்து வைத்தார்கள். குடிக்கிற ஊருணியில் கால் நனைக்கக் கூடாது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அந்த வரத்துக்கால் முழுக்கச் சீமைக்கருவேல் அடைத்துக் கிடந்தது.

மகளிர் குழுவில் இருந்த மேலத்தெரு அக்கா அரிவாளோடு முதல் நாள் தனியாகத்தான் போனார். நான் பார்த்தேன். சேலையை இழுத்துச் செருகி, மேலே வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் சாக்குத் துணி சுற்றியிருந்தார். கருவேல முள் சாக்கையும் தாண்டி ஏறும். சாயங்காலம் திரும்பி வரும்போது சட்டைக்கையில் பொட்டுப் பொட்டாக ரத்தம். மறுநாள் மூன்று பேர் சேர்ந்தார்கள். இரண்டாவது வாரத்தில் பதினாலு பேர். அந்த வேலைக்கு யாரும் கூலி வாங்கவில்லை, யாரும் போட்டோ எடுக்கவில்லை. தேர்தல் எப்போது வரும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

இந்த மாதிரி ஆளைத்தான் தேட வேண்டும். கேட்கிற இடமும் முக்கியம். டீக்கடையில் கேட்காதீர்கள், தேர்தல் நேரத்தில் அங்கே பெஞ்சு பெஞ்சாக ஆள் பிரிந்திருக்கும். குடத்தோடு நிற்கிற பெண்களைக் கேளுங்கள். டேங்க் ஆபரேட்டரைக் கேளுங்கள், மோட்டார் காயில் எரிந்துபோன அன்றைக்கு யார் கூட நின்றது என்று அவருக்குத் தெரியும். தூய்மைக் காவலர், சத்துணவு ஆயா, தபால்காரர் இவர்களுக்கெல்லாம் தெரியும். கொரோனா ஊரடங்கின்போது வயசானவர்கள் வீட்டுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தது யார் என்று அந்தப் பெரியவர்களையே கேளுங்கள். இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021-இல் வந்தபோது சாயங்காலம் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த பெண் யார், அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாரும் அங்கே உட்கார முடிந்ததா என்றும் கேளுங்கள். எல்லாத் தெருவுக்கும் போனாரா, தன் தெருவோடு நின்றுகொண்டாரா என்பதற்கு நான் மிகுந்த மதிப்புக் கொடுப்பேன்.

வாய்ப்பேச்சோடு எழுத்தையும் பார்க்க வேண்டும். கிராமசபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வந்தவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள், தீர்மானம் எழுதுகிறார்கள். நிற்கிறவர் இத்தனை வருஷத்தில் எத்தனை கூட்டத்துக்கு வந்தார், வந்து என்ன கேட்டார் என்று பாருங்கள். கிளார்க்கு காட்டவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம். பள்ளி மேலாண்மைக் குழு நோட்டு, மகளிர் குழுக் கூட்ட நோட்டு இவையும் பேசும்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். செட்டிநாடு கொடையால் வளர்ந்த பூமி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வந்தது. வெளியூரில் இருந்துகொண்டு ஊர்க் கோயிலுக்கும் பள்ளிக்கும் அள்ளிக் கொடுக்கிறவர்கள் இன்றும் உண்டு, அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் பணம் கொடுத்தவரைக் கொடையாளர் என்று எழுதுங்கள், உடலாலும் நேரத்தாலும் கொடுத்தவரைத் தொண்டர் என்று எழுதுங்கள். இரண்டையும் ஒரே வரியில் போட்டால் காசில்லாத தொண்டரின் பெயர் அடிபட்டுப் போகும். நிழற்குடையில் பேர் பொறித்த கல்லைப் பார்த்தால், பேருக்குக் கீழே இருக்கிற தேதியையும் பாருங்கள்.

கேள்வியை அவரிடமே கேளுங்கள்

தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. அதனால் நிற்பது பெண்ணாகவும் பேசுவது வீட்டுக்காரராகவும் இருப்பதை நிறையப் பார்க்கிறோம். அதற்காகப் பெண் வேட்பாளர் என்றாலே பின்னால் ஒரு ஆண் இருக்கிறார் என்று முடிவு கட்டுவதும் அநியாயம். 2019-இல் நான் மேலத்தெரு அக்கா வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, “மேட்டுத்தெருவுக்கு ஏன் தண்ணி ஏறலை?” என்று கேட்டேன். வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, “மோட்டார் பவர் பத்தலை டீச்சர்” என்றார். அக்கா அரிசி புடைத்துக்கொண்டே சொன்னார்: “மோட்டார் நல்லாத்தான் இருக்கு. பள்ளிக்கூடத்து மூலையில இருக்கிற வால்வை யாரோ முழுசாத் திறந்து விட்டுடுறாங்க. அது பாதி மூடியிருந்தா மேட்டுக்குத் தண்ணி ஏறும். நான் விடிகாலையில போய் மூடிட்டு வருவேன்.” வீட்டுக்காரர் பேசாமல் இருந்துவிட்டார். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

வேலை செய்தவருக்கு அந்த வேலையின் நுணுக்கம் தெரியும். அதைக் கேளுங்கள். ‘ஊருக்கு என்ன செய்வீர்கள்’ என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். கூடவே, வேட்புமனுவோடு அவர் கொடுத்த உறுதிமொழி ஆவணத்தையும் படித்துவிடுங்கள். வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாம் அதில் இருக்கும். நல்லவர்தானே என்று அதைப் படிக்காமல் விடாதீர்கள். பின்னால் யாராவது எடுத்துக் காட்டினால் கஷ்டம் உங்களுக்கு மட்டுமில்லை, அவருக்கும்தான்.

ஒரு பக்கம் எழுதுவது எப்படி

ஒருவருக்கு ஒரு பக்கம். அதற்கு மேல் போகக் கூடாது. பள்ளிக்கூட நோட்டுத் தாள் போதும். என்ன செய்தார், எந்த இடத்தில், எந்த வருஷம், யாரோடு சேர்ந்து, யார் பார்த்தார்கள். இந்த ஐந்தும் இருந்தால் அது பணிக்குறிப்பு. இல்லாவிட்டால் வெறும் புகழ்ச்சி.

பையன்கள் முதலில் எழுதிக்கொண்டு வந்தது இப்படி: ‘ஏழைகளின் ஏணி, தன்னலமற்ற தியாகச் சுடர்.’ சிவப்பு மையால் அடித்துத் திருப்பிக் கொடுத்தேன். அது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். திரும்ப எழுதிய வரி: ‘2017 கோடையில் ஊருணி வரத்துக்காலில் மூன்று வாரம் கருவேல் வெட்டிய பதினாலு பேரில் முதலில் போனவர். அந்த வருஷம் ஐப்பசி மழைக்கு வரத்துக்காலில் தண்ணீர் ஓடியது.’ இந்த இரண்டு வரியை மறுக்க ஊரில் ஒருத்தர் கிடையாது. கூட நின்றவர்களின் பெயரையும் எழுதச் சொன்னேன். அந்தப் பதிமூன்று பேரில் நாலு பேர் வேறு வேட்பாளருக்கு வேலை செய்தவர்கள். அவர்கள் பெயரும் தாளில் இருந்ததால் அது யாருடைய பிரசாரத் தாளாகவும் ஆகவில்லை.

செய்து முடியாததையும் எழுத வேண்டும். அக்கா சுடுகாட்டுப் பாதைக்கு இரண்டு வருஷம் மனு எழுதியும் நடக்கவில்லை. அதை ‘மனுக் கொடுத்தார், நடக்கவில்லை’ என்றே எழுதினோம். அந்த வரியை எடுத்துவிடச் சொல்லி ஒரு பையன் கெஞ்சினான். நான் விடவில்லை. தாளைப் படித்த அக்கா, “அதையும் போட்டீங்களா டீச்சர், நல்லது” என்றார்.

தேர்தல் அறிவித்த நாளிலிருந்து எண்ணிக்கை முடியும் வரை இந்தத் தாளை வீடு வீடாகக் கொடுக்கக் கூடாது. அச்சடித்துக் கொடுத்தால் அது நோட்டீஸ். அதில் அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவர் பெயரும் இருக்க வேண்டும், செலவு வேட்பாளர் கணக்கில் ஏறும். 2019-இல் கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்குச் செலவு உச்சவரம்பு 9,000 ரூபாய், தலைவருக்கு 34,000. நம் ஆசைக்காக அவர்களுடைய கணக்கில் கை வைக்கக் கூடாது. கோயில், பள்ளிவாசல், சர்ச் எதுவும் வேண்டாம். பரிவட்டம், முதல் மரியாதை என்று எதையும் அந்த நாட்களில் வேட்பாளர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சாப்பாடு, சேலை, வேட்டி கிட்டவே வரக் கூடாது. அது மரியாதை என்கிற பேரில் லஞ்சமாகிவிடும். ‘நல்லவர்தானே, மற்றவர்களை விலகச் சொல்லி ஒருமனதாக்கிவிடுவோம், கோயிலுக்கு இவ்வளவு கட்டட்டும்’ என்று யாராவது கிளம்பினால் எழுந்து நின்று தடுத்துவிடுங்கள். பதவியை ஏலம் விடுவது குற்றம்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்கும் தலைவருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. வார்டுக்கு வெள்ளைச் சீட்டு, தலைவருக்கு இளஞ்சிவப்பு. ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள், இவை இரண்டிலும்தான் கட்சிச் சின்னம் வரும். அதனால் வெள்ளை, இளஞ்சிவப்புச் சீட்டுகளுக்கு நிற்கிறவர்களைப் பற்றிக் கட்சி பேசாமலே பேச முடியும். பேசுங்கள்.

அந்த நாட்களில் செய்யக்கூடிய ஒன்று, எல்லா வேட்பாளரையும் பொது இடத்தில் ஒன்றாக உட்கார வைத்து ஒரே கேள்விகளைக் கேட்பது. உரிய அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் ஒரே நேரம், ஒரே நாற்காலி, ஒரே டம்ளரில் மோர்.

தோற்றவரிடம் முதலில் போங்கள்

2020 ஜனவரி 2-ஆம் தேதி ஓட்டு எண்ணினார்கள். அக்கா பதினொரு ஓட்டில் தோற்றார். மறுநாள் மார்கழிக் குளிரில் கோலம் போட வெளியே வந்தேன். பள்ளிக்கூடத்து மூலையில் ஒரு டார்ச் வெளிச்சம். குனிந்து வால்வைத் திருகிக்கொண்டிருந்தார். “இன்னைக்குமா?” என்றேன். “மேட்டுத்தெருவுல இன்னைக்குக் காதுகுத்து டீச்சர், தண்ணி வேணும்ல” என்று சொல்லிவிட்டு டார்ச்சை அணைத்துக்கொண்டு போனார். நான் கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு நின்றேன்.

மரியாதை செய்வதற்குச் சரியான நேரம் அதுதான். தேர்தல் முடிந்துவிட்டது, நடத்தை விதி கிடையாது, அவரிடமிருந்து யாருக்கும் எதுவும் ஆக வேண்டியதில்லை. பொங்கல் கழிந்த மறுவாரம் ஊருணிக் கரை ஆலமரத்தடியில் கூடினோம். மேடை போடவில்லை, தலைமை என்று யாரும் இல்லை. ஊருக்கு உழைத்து, தேர்தலிலும் நின்ற ஐந்து பேர். ஒருவர் ஜெயித்தவர், நாலு பேர் தோற்றவர்கள். பெயரை அகர வரிசையில் கூப்பிட்டோம், ஜெயித்தவர் மூன்றாவதாக வந்தார். 2011-இல் பொன்னாடையால் கஷ்டப்பட்ட தையல்காரர்தான் ஒவ்வொருவரின் தாளையும் வாசித்தார். அவருடைய பழைய பணிக்குறிப்பையும் எழுதி வைத்திருந்தோம். அதை நான் வாசித்தேன்.

பொன்னாடைக்குப் பதிலாக ஆளுக்கொரு கொட்டான். எங்கள் ஊர் ஆச்சி ஒருத்தர் பனை ஓலையில் பின்னிக் கொடுத்தது. அதில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், கொஞ்சம் விதைநெல், மடித்து வைத்த பணிக்குறிப்பு. செலவு அவ்வளவுதான். பொன்னாடை பீரோவில் கிடக்கும், கொட்டானில் வெங்காயம் போட்டு வைப்பார்கள், தினமும் கண்ணில் படும். நிற்காமலே உழைத்த மற்றவர்களை விட்டுவிட்டோமே என்று ஒரு பெரியவர் கேட்டார். கேட்டது சரி. அதன் பிறகு மற்ற தொண்டர்களுக்கும் குறிப்பு எழுதுகிறோம்.

காரைக்குடியில் 1939-இல் கம்பன் கழகத்தைத் தொடங்கிய சா. கணேசன், 1962-இல் சட்டமன்றத்துக்கும் போனார். அவர் பெயரை இங்கே சொன்னால் கம்பன் திருநாளைத்தான் முதலில் சொல்கிறார்கள். நம் ஊர் அக்காக்களுக்கும் தம்பிகளுக்கும் அப்படிச் சொல்ல ஒரு வரி எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இந்தக் குறிப்புகளை எழுதி வைக்கிற நோட்டு யாரிடம் இருக்க வேண்டும் என்பதையும் யோசித்துச் செய்யுங்கள். தேர்தலில் நிற்கப் போகிறவர் வீட்டில் இருக்கக் கூடாது, ஊராட்சி அலுவலகத்திலும் வேண்டாம். எங்கள் நோட்டு ரேஷன் கடைக்கு எதிர்வீட்டு ஆச்சியிடம் இருக்கிறது. சாமான் வாங்க வருகிற யார் வேண்டுமானாலும் திண்ணையில் உட்கார்ந்து படிக்கலாம். எழுத வேண்டுமென்றால் மட்டும் பார்த்த சாட்சி இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். கடைசியாக ஏறியிருப்பது போன மாதத்துக் குறிப்பு: கீழத்தெரு விளக்கு மூன்றுக்கு ஒன்றிய அலுவலகம் நாலு தடவை நடந்து, நாலாவது தடவை ஆளோடு திரும்பி வந்த கல்லூரிப் பெண். அந்தப் பெண்ணுக்கு இருபது வயது. உள்ளாட்சித் தேர்தலில் நிற்க இருபத்தொன்று ஆக வேண்டும்.